மேக்ரோ எகனாமிக்ஸ் அரியர்: டாலர் எங்கே என்று கேட்காமல் விட்ட மதிப்பெண்

நேற்று சாயந்திரம் ரிசல்ட் வந்தது. 67. போன முறை இதே தாளில் 38. எம்பிஏவில் மற்ற பாடமெல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிட, இது மட்டும் ஆறு மாதம் காலில் தைத்த முள்ளாக இருந்தது. அதனால் எழுதுவதில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை நான் படிக்காமல் போகவில்லை. ஐஎஸ்-எல்எம் வரைபடத்தை (வட்டியும் வருமானமும் எங்கே சமநிலைக்கு வருகின்றன என்று இரண்டு வளைவுகளில் காட்டுவது) தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவேன், அதுதான் கெடுத்தது. எந்தக் கேள்வி வந்தாலும் வளைவை வலப்பக்கம் தள்ளு, இடப்பக்கம் தள்ளு, அம்புக்குறி போடு, முடிந்தது. கடைசியில் வரும் 20 மதிப்பெண் கேஸில் (ஒரு நிலவரத்தைக் கொடுத்து அலசச் சொல்லும் கேள்வி) ஒரு ஆடை நிறுவனம். துணியை வெளிநாட்டில் வாங்குகிறது, விற்பனையில் பெரும்பகுதி உள்நாட்டில், கடன் டாலரில். நாணயம் சரிந்தால் என்ன ஆகும் என்று கேள்வி. நான் துளியும் யோசிக்காமல், ஏற்றுமதி மலிவாகும், ஆர்டர் கூடும், லாபம் உயரும் என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தேன். அப்புறம் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால் 20க்கு 3. அந்த மூன்றும் வரைபடத்தைப் பார்த்து இரக்கப்பட்டுப் போட்டதாகத்தான் இருக்கும்.

இரண்டாவது முறை ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினேன். பதில் எழுதும் முன் ஓரத்தில் பென்சிலால் "டாலர் எங்கே?" என்று எழுதி, கீழே நான்கு சொற்கள்: வரவு, மூலப்பொருள், கடன், நாட்டின் கையிருப்பு. கேஸ் எதுவானாலும் இந்த நான்கிலும் டாலர் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் பேனாவைத் தொட்டேன்.

இலங்கையை வைத்துப் போட்டுப் பாருங்கள். 2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு டாலர் சுமார் 200 ரூபாயில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது, பிடி விட்டதும் மே மாதத்துக்குள் 360 பக்கம் போய்விட்டது. 10 லட்சம் டாலர் கடன் வாங்கிய நிறுவனத்துக்கு 20 கோடி ரூபாய்க் கடன், புதிதாக ஒரு பைசா வாங்காமலே, 36 கோடி ஆகிறது. விற்பனை ரூபாயில் என்றால் அந்த 16 கோடியை எங்கிருந்து கொண்டுவருவது? இதற்கு நடுவில் ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அடியில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது, ஆக நடைமுறை மூலதனத்துக்கு, அதாவது அன்றாடச் செலவுக்கு, ரூபாயில் கடன் வாங்கவும் வழி அடைபடுகிறது. ஏற்றுமதி ஆர்டர் கூடுவதற்கு மாதங்கள் ஆகும், எரிபொருள் இறக்குமதியை விலை ஏறியது என்று நாளைக்கே நிறுத்த முடியாது. நாணயம் சரிந்ததும் வர்த்தகப் பற்றாக்குறை முதலில் மோசமாகி, பிறகுதான் சீராகும்: ஜே வளைவு என்பது இவ்வளவுதான். இந்த வரிசையில் எழுதினால் வரைபடமே போடாவிட்டாலும் மதிப்பெண் விழுகிறது, என் அனுபவத்தில் விழுந்தது.

பணவீக்கக் கேள்வியிலும் இதே கதை. தேவை கூடியதால் ஏறிய விலையா, வரத்து குறைந்ததால் ஏறியதா என்று முதல் வரியிலேயே பிரித்துவிடுங்கள். இந்தியாவின் 2012 அடிப்படை ஆண்டு நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் எடை, அதாவது பங்கு, மட்டும் கிட்டத்தட்ட 46 சதவீதம். மழை பொய்த்து விலை ஏறினால் ரெப்போ விகிதத்தை (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) உயர்த்தி வெங்காயம் விளைவிக்க முடியாது. ஆனால் அத்தோடு நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான். விலை இன்னும் ஏறும் என்று எல்லோரும் நம்பத் தொடங்கினால் கூலியும் வாடகையும் சேர்ந்து ஏறும், அதைத் தடுக்கத்தான் 4 சதவீத இலக்கு, 2 முதல் 6 வரை எல்லை என்று வைத்துக்கொண்டு ரிசர்வ் வங்கி வட்டியைத் தொடுகிறது என்பதையும் சேருங்கள்.

மற்றவை, நினைவுக்கு வந்த வரிசையில்:

- ஜிடிபி கணக்கில் இறக்குமதியைக் கழிப்பது அது நாட்டுக்குக் கெடுதல் என்பதால் அல்ல. நுகர்வு, முதலீடு, அரசுச் செலவு மூன்றுக்குள்ளும் அது ஏற்கெனவே கலந்து கிடக்கிறது, அதை வெளியே எடுக்கிறோம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைக் கேட்டார்கள்.
- வெளிநாட்டில் குடியேறி வேலை செய்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் ஜிடிபியில் வராது, நடப்புக் கணக்கில் (வெளிநாட்டோடு நடக்கும் வணிகம், வருமானம், அனுப்பும் பணம்) வரும். நான் முதல் முறை மூலதனக் கணக்கில் (முதலீடு, கடன் போன்றவை) தூக்கிப் போட்டிருந்தேன், வெட்கக்கேடு.
- பெருக்கியில் (ஒரு ரூபாய்ச் செலவு மொத்த வருமானத்தை எத்தனை மடங்கு கூட்டும் என்ற எண்) இறக்குமதி நாட்டத்தை, அதாவது கூடுதல் வருமானத்தில் இறக்குமதிக்குப் போகும் பங்கை, மறக்காதீர்கள். சேமிப்பு நாட்டம் 0.2 மட்டும் என்றால் பெருக்கி 5. இறக்குமதி நாட்டம் 0.3 சேர்ந்தால் வெறும் 2.
- நிலையான மாற்று விகிதம், தடையற்ற மூலதனப் போக்குவரத்து, தன்னிச்சையான வட்டிக் கொள்கை: மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது. 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயமான பாட்டை மிதக்க விட்டதை (விலையைச் சந்தையே தீர்மானிக்க விட்டதை) உதாரணமாக இரண்டு வரி எழுதினால் போதும்.
- கேஸில் வட்டி 12, பணவீக்கம் 9 என்று கொடுத்தால் உண்மை வட்டி (பணவீக்கத்தைக் கழித்த வட்டி) சுமார் 3 என்று உடனே எழுதிவையுங்கள். கேட்காவிட்டாலும்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. நாலு பேர் சேர்ந்தால் முக்கால்வாசி நேரம் எந்தக் கேள்வி வரும் என்ற ஜோசியத்திலேயே போகிறது. நான் காலையில் ஒரு மணி நேரம், தினம் ஒரு பொருளாதாரச் செய்தி, அதில் டாலர் எங்கே என்று அரைப் பக்கம், இப்படி ஐம்பது நாள் எழுதினேன். முதல் பத்து நாள் எழுதியதெல்லாம் குப்பை. ராத்திரி ஆந்தைகள் ராத்திரியே எழுதுங்கள், ஆனால் கையால் எழுதுங்கள், வாசித்துவிட்டு புரிந்தது என்று தலையாட்டுவதில் ஒன்றும் வராது.

நேரம் பற்றி ஒன்று: கேஸை முதலில் எழுதிவிடுங்கள். இந்த முறை அதற்கு ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன், கடைசியில் இரண்டு மதிப்பெண் கேள்வி மூன்று விட்டுப்போனது. பரவாயில்லை, அந்த ஆறு போயும் 67 வந்ததே.