பெயர் அழிந்த தட்டுகள்

ஜூலை 14

காலை 17 டிகிரி. மதியம் 33. பசுமைக்குடிலின் பக்கத்துத் திரையைச் சுருட்டிவிட மறந்துவிட்டேன். போனில் மனைவியிடம் இதைச் சொல்லவில்லை.

ஜூலை 15

நாற்றுத் தட்டுகள் நான்கும் பத்திரமாகத்தான் இருக்கின்றன. போனது குச்சி. ஐஸ் குச்சியில் ஸ்கெட்ச் பேனாவால் பெயர் எழுதி, தட்டுக்கு ஒன்றாகச் செருகிவிட்டு, மாசமாக இருக்கும் மகளுக்குத் துணையாகக் கீழே போனாள். விடியற்காலையில் பிளாஸ்டிக் கூரை உட்பக்கம் வியர்த்துச் சொட்டுகிறது. அது போதாதென்று நான் வேறு பூவாளியைத் தாராளமாகச் சாய்த்தேன். இப்போது நான்கு குச்சியிலும் ஊதா நிறத்தில் ஒரு கறை, அவ்வளவுதான்.

தக்காளி, கத்தரி, பச்சை மிளகாய், குடைமிளகாய். தட்டுக்கு 98 குழி. மொத்தம் 392 விதை. எது எதுவென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவள் கீழே இருக்கிறாள்.

இரவு போனில், "குடைமிளகாய் முளைச்சிருச்சாங்க?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். அது உண்மைதான்.

ஜூலை 16

பாப்பாவுக்கு ஸ்கேன் 22-ஆம் தேதியாம்.

ஜூலை 17

ஆடி 1. தேங்காய் சுடும் நாள். வேண்டாமென்றுதான் நினைத்தேன், ஒரு ஆளுக்கு என்ன பண்டிகை. சாயங்காலம் கை தானாகவே தேங்காயை எடுத்துத் தரையில் தேய்க்க ஆரம்பித்துவிட்டது. கண்ணைத் துளைத்து, பாதித் தண்ணீரை வடித்து, பொட்டுக்கடலை, எள்ளு, வெல்லம், அவல் திணித்து, குச்சியைச் செருகிக் குடிலுக்குப் பின்னால் நெருப்பு மூட்டினேன். சேலத்தில் இந்நேரம் தெருவுக்குத் தெரு புகை. இங்கே மேலே ஏற்காட்டில், பனிக்குள் நான் மட்டும் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு. பாப்பா ஏழு வயதில் தேங்காயைக் கரியாக்கிவிட்டு, அதைத்தான் தின்பேன் என்று அடம்பிடித்தது இதே இடத்தில்.

ஓடு வெடித்ததும் வாசம் வந்தது. பாதியைப் பிள்ளையாருக்கு வைத்துவிட்டு மீதியைத் தின்றேன். வெல்லம் கொஞ்சம் அதிகம்.

ஜூலை 18

காலை 16. மதியம் 27.

முளைத்துவிட்டன! இடது ஓரத் தட்டில் கொக்கி கொக்கியாக வெள்ளைத் தண்டு. தக்காளிதான் முதலில் வரும், அதனால் அதுதான் தக்காளி என்று கணக்குப் போட்டுக் குச்சியில் பென்சிலால் 'த' எழுதினேன். மத்தியானம் பார்த்தால் அதற்கு அடுத்த தட்டிலும் கொக்கி. 'த'வை அழித்தேன்.

ஜூலை 20

காலையில் குடிலின் ஜிப்பை இழுத்தவுடன் என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். துடைக்கும் வரை ஒன்றும் தெரியாது. மூக்குக்குத்தான் முதல் வேலை: ஈர நார்த்தூள், மண்புழு உரம், போன வருஷத் தக்காளிச் செடியின் அந்தப் பச்சை நெடி. வெளியே சில்லென்று இருக்கும், உள்ளே யாரோ இப்போதுதான் குளித்துவிட்டுப் போன குளியலறை மாதிரி வெதுவெதுப்பு. இதற்காகவே இவள் ஐந்தரைக்கு எழுந்து வருகிறாள் என்பது முப்பது வருஷம் கழித்துப் புரிகிறது. நான் அவள் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வருகிறாள் என்று நினைத்திருந்தேன்.

பத்து மணிக்கு மேல் பெரிய செடிகளின் பூவைப் பென்சில் நுனியால் சுண்டிவிட வேண்டும். குடிலுக்குள் காற்றும் இல்லை, தேனீயும் வருவதில்லை. அதிர்ந்தால்தான் மகரந்தம் கொட்டும். வெயில் ஏறிய பிறகு சுண்டினால் சில பூவில் மஞ்சள் தூள் பறப்பது கண்ணுக்கே தெரிகிறது. 41 பூ சுண்டினேன்.

எண்ணாமல் எனக்கு ஒன்றும் செய்ய வராது. வீடு வீடாக மீட்டர் பார்த்து எழுதிய கை.

ஜூலை 22

1.4 செ.மீ.

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடவில்லையாம், பக்கத்தில் இருக்கிறதாம். 2 செ.மீ. தள்ளி இருந்தால் கவலையில்லை. வயிறு வளர வளர அதுவாகவே மேலே போய்விடும், பல பேருக்குப் போயிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதை மாப்பிள்ளை இரண்டு தடவை சொன்னார். மலையேறவே கூடாது. 36 வாரத்தில் திரும்பப் பார்ப்பார்கள்.

இன்னும் 6 மில்லிமீட்டர்.

ஜூலை 23

ஸ்கேலை எடுத்துக்கொண்டு குடிலுக்குள் போனேன். நாற்றில் முதலில் விரியும் வித்திலை ஒன்றின் அகலம் சரியாக 6 மில்லிமீட்டர். ஒரு மிளகு அதைவிடச் சின்னது. என் சட்டைப் பொத்தான் பெரியது.

ஜூலை 24

மற்ற இரண்டு தட்டும் முளைத்தன. இதில் எது குடைமிளகாய்?

ஜூலை 26

நத்தை. 11 நாற்றைக் காணோம். தண்டு மட்டும் நிற்கிறது, தலை இல்லை, தட்டின் விளிம்பில் காய்ந்த பசைக்கோடு பளபளக்கிறது. போனில் இவளிடம் பொதுவாக, "நத்தை வந்தா நீ என்ன பண்ணுவ?" என்றேன். "வந்திருச்சா?" என்றாள். சும்மா கேட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சாக்கை நனைத்துப் போட்டு அடியில் பப்பாளி இலை வைக்கச் சொன்னாள். "ராத்திரி போட்டு விடியக்காலையில தூக்கிப் பாருங்க. உப்பை எடுத்துட்டுத் தட்டுக்கிட்டப் போயிராதீங்க."

உப்பு டப்பா அப்போது என் கையில்தான் இருந்தது.

ஜூலை 27

சாக்குக்கு அடியில் 7. பெரியது என் கட்டைவிரல் நீளம். கொல்ல மனசு வரவில்லை. வாளியில் போட்டுக் காப்பித் தோட்டம் தாண்டி ஓடை வரை போய் விட்டுவிட்டு வந்தேன். திரும்பி வருமா, தெரியாது. நத்தைக்கு இந்தத் தூரம் எத்தனை நாள் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

ஜூலை 29

கீழே போய் வந்தேன். மடியில் ஒன்றேகால் கிலோ தக்காளி. 20 கொண்டை ஊசி வளைவிலும் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தும், அடிவாரம் சேர்வதற்குள் இரண்டு உடைந்து வேட்டி நனைந்துவிட்டது. கீழே அனல்.

பாப்பா இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எழுந்திரிக்காதே கண்ணு என்றேன். காம்போடு ஒரு பழத்தை எடுத்துக் காம்பை மட்டும் மோந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா கையில எப்பவும் இந்த வாசம்தான்ப்பா." இவள் கையைப் பார்த்தேன். மூன்று வாரத்தில் வெளுத்து, சுத்தமாகிவிட்டது. என் கையில்தான் இப்போது அந்தப் பச்சைக்கறை. சாப்பிட உட்காரும் முன் சோப்புப் போட்டேன், நுரை பச்சையாக வந்தது. இவள் பக்கத்தில் நின்று பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு மெதுவாக, "பேரு எல்லாம் அழிஞ்சிருக்குமே, சொட்டுற தண்ணியில" என்றாள்.

"இல்லையே, நல்லாத்தான் இருக்கு."

ஏன் பொய் சொன்னேன்?

ஜூலை 30

மழை. கரண்ட் இல்லை.

ஜூலை 31

வலது பக்கத் தட்டில் ஒரு மூலை முழுக்கச் சாய்ந்து கிடக்கிறது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பாக, நூல் மாதிரி இற்றுப்போயிருக்கிறது. நாற்றழுகல். என் தப்புதான்: மூன்று நாளாக மழைக்குப் பயந்து திரையை இறக்கியே வைத்திருந்தேன், தண்ணீரும் குறைக்கவில்லை. ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கேட்கவா வேண்டும். 23 போயிற்று. செத்ததைக் குழியோடு தோண்டி எடுத்துவிட்டு, பூஞ்சையை அடக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவைக் கரைத்து ஊற்றி, திரை இரண்டையும் தூக்கிக் கட்டினேன். இன்று முழுக்கத் தண்ணீர் காட்டவில்லை.

இது குடைமிளகாய்த் தட்டாக மட்டும் இருக்கக் கூடாது. அதுதான் பாப்பா கேட்டு வாங்கிய விதை.

ஆகஸ்ட் 1

சாய்ந்தது 2. பரவாயில்லை.

6 மில்லிமீட்டர் என்பது ஒரு ராத்திரியில் நகருமா, ஒரு மாதத்தில் நகருமா? யாரிடம் கேட்பது?

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. எலுமிச்சைச் சாதம் கிண்டினேன். உப்பு மறந்துவிட்டது. உப்பு டப்பா இன்னும் குடிலில்.

ஆகஸ்ட் 4

வீட்டில் இருப்புக்கொள்ளாமல் தாவரவியல் ஆய்வகத்தாரின் ஆர்க்கிட் தோட்டம் வரை நடந்தேன். 1963-இல் ஆரம்பித்தது. குடுவைச் செடி முன்னால் ஒரு குடும்பம் நின்றது. பூச்சி உள்ளே விழுந்ததும் மூடி டப்பென்று சாத்திக்கொள்ளும் என்று அப்பா பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சாத்தாது. மூடி மழைத்தண்ணீர் விழாமல் காக்கத்தான், பூச்சி வழுக்கி விழுந்து தானாகவே ஏறமுடியாமல் சாகும். சொல்லலாமா என்று வாயெடுத்தேன். பையன் அத்தனை ஆசையாகக் காத்திருந்தான், விட்டுவிட்டேன். அந்தச் செடிக்குச் சொந்த ஊர் மேகாலயா. நமது காப்பியும்தான் வெளியூர், 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தது. இந்த மலைக்கு யார் வந்தாலும் பிடித்துப்போகிறது.

ஆகஸ்ட் 6

எஸ்டேட் அக்கா வேலை முடிந்து போகும்போது கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தட்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு இலையைக் கிள்ளி என் மூக்குக்கு நேராக நீட்டினார். "மோந்து பாருங்க சார்." தக்காளி! இத்தனை நாள் பூவைச் சுண்டிய அதே நெடி. இலையும் ஓரம் வெட்டுவெட்டாக வந்திருக்கிறது, எனக்குத்தான் கண் இல்லை. அடுத்தது தண்டில் ஊதா ஓடி, இலை மேல் பூனை முடி: கத்தரி.

மற்ற இரண்டிலும் இலை வழுவழுவென்று கூராக, ஒரே மாதிரி. "ரெண்டும் மிளகாய் சாதிதான் சார். எது குண்டு எது நீட்டுன்னு இன்னும் கொஞ்சம் வளந்தா இலை அகலத்துல தெரியும். இல்லைன்னா காய்ச்சாத் தெரியுது, போங்க. எங்க ஓடிரப் போகுது?"

நாற்றழுகல் வந்தது அந்த இரண்டில் ஒன்று.

ஆகஸ்ட் 8

காலை 16. மதியம் 24. நத்தை 2. பனி இறங்கி மதியமே விளக்குப் போட்டேன். பாப்பா பேசினாள், குரல் நன்றாக இருந்தது. குழந்தை உதைக்கும்போது வயிற்றின் மேல் வைத்த தட்டு ஆடுகிறதாம்.

இவளிடம் குச்சி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "தெரியும்ங்க" என்றாள். "அதுக்குத்தான் தட்டுக்கு அடியிலயும் எழுதி வெச்சிருக்கேன்."

டார்ச் அடித்துக் குனிந்து பார்க்கப் போனேன், வாசல் வரை. பார்க்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 9

பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 10

ராத்திரி 11.20. மாப்பிள்ளை போன். லேசாக ரத்தம் பட்டிருக்கிறது, சேர்த்தாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை, ஊசி போட்டிருக்கிறார்கள், காலையில் வந்தால் போதும். இவளிடம் கொடுங்கள் என்றேன். "திரையைத் தூக்கிக் கட்டிட்டு வாங்க, நாளைக்கு வெயில் அடிக்குமாம்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

வெளியே ஒன்றும் தெரியவில்லை, முழுப் பனி. மலைப்பாதையில் மரம் விழுந்து கிடப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். இன்னொரு பாதையில், குப்பனூர் வழியாக ஒரு கார் கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 11

4.30. திரை தூக்கிக் கட்டியாயிற்று. தண்ணீர் ஊற்றியாயிற்று, நான்கு தட்டுக்கும் அளவாக. உள்ளே 15. குண்டா நீட்டா, தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டால் போய்ச் சொல்ல ஒரு விஷயம் இருக்கும். ஹாரன் கேட்கிறது