முந்தானை எந்தத் தோளில்?

அடையாளம் வெளியே தெரியக் கூடாதவரின் படம் என்றால் முகத்தை மங்கலாக்கினால் போதும் என்பதுதான் எங்கள் செய்தி டெஸ்க் வழக்கம். லோன் ஆப் மிரட்டலைப் பற்றிப் பேசிய அக்கா தந்த படத்துக்கும் அப்படித்தான் செய்திருந்தோம். சந்தேகத்தில், படத்தை வைத்தே இணையத்தில் தேடும் கூகுள் லென்ஸில் போட்டேன். அவருடைய தையல் கடைக்காக கூகுள் மேப்பில் ஏற்றியிருந்த அதே படம் வந்து நின்றது. முகம் போனால் என்ன, நீலக் கதவு காட்டிக்கொடுத்துவிட்டது.

படத்தை இடவலமாகத் திருப்பினேன். ஒரே படமா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் டிஹேஷ் மாதிரியான எளிய முறை என்றால் இதற்கே ஏமாந்திருக்கும். அது படத்தை 9×8 கறுப்பு வெள்ளைக் கட்டங்களாகச் சுருக்கி, அடுத்தடுத்த கட்டங்களில் எது வெளிச்சம் என்று பார்த்து 64 பிட் கைரேகை எடுப்பது. திருப்பினால் ரேகையே வேறு. லென்ஸ் அசரவில்லை. கதவை வெட்டி, சுவரின் நிறத்தையும் மாற்றிய பிறகுதான் விட்டது.

சீனியர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, முந்தானை வலது தோள்ல கெடக்கு?"

"யாருன்னு தெரியக் கூடாதுல்ல சார்."

"மறைக்கிறது வேற, மாத்துறது வேற. 2015 வெள்ளத்துல பிரதமர் ஜன்னல் வழியாப் பாக்குற மாதிரி மத்திய அரசோட செய்திப் பிரிவு பி.ஐ.பி. ஒட்டுப்போட்ட படத்தைப் பாத்து நாமதானே சிரிச்சோம்?"

"அவங்க இல்லாததைக் காட்டினாங்க. நான் இருக்கிறதை மறைக்கிறேன்."

"அப்ப 'படம் மாற்றப்பட்டுள்ளது'ன்னு கீழ போடு."

அங்கேதான் சிக்கல். போட்டால் எவனாவது திருப்பிப் போட்டுத் தேடுவான். 'அடையாளம் மறைக்கப்பட்டுள்ளது' என்பதோடு நிறுத்தினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. முழு உண்மையும் இல்லைதான்.

மேட்ரிமோனி மோசடிப் படம் ஒன்றைச் சட்டைப் பை வலப்பக்கம் இருந்ததை வைத்துப் பிடித்து, 'திருப்பிப் போடுவது ஏமாற்றுக்காரர்களின் உத்தி' என்று நானே எழுதியிருக்கிறேன். அவர்கள் பிழைப்புக்குச் செய்தார்கள், நான் ஒருவரின் பாதுகாப்புக்குச் செய்தேன். இந்த வாதம் எனக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஓவியம் போட்டிருந்தால் எதுவுமே தேவைப்பட்டிருக்காதே? போட்டோ என்றால்தான் வாசகர் நம்புவார் என்றுதானே போட்டோவைப் பிடித்துத் தொங்கினேன்? அந்த நம்பிக்கைக்குக் கொடுத்தது மட்டும் திருத்திய படம்.

அக்கா போன் பண்ணினார். "எங்க வீட்டுக்காரருக்கே அடையாளம் தெரியல தம்பி" என்று ஒரே சந்தோஷம். சீனியரிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்து இதேபோல் ஒரு செய்தி வந்தபோது என்னிடம் கேட்காமலே ஓவியரிடம் சொல்லிவிட்டார். அதுதான் சரி. இருந்தாலும் அன்று முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நான்.