காத்து வேண்டாம் கண்ணு

கோபியில் ஒரு பட்டறை. பைக்கின் முன்சக்கரம் கையால் தள்ளினாலும் சுற்றவில்லை. டிஸ்க் பிரேக்கில் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குள் பிஸ்டன் இறுகிக் கிடந்தது. அதைக் காற்றால் வெளியே தள்ள, பையன் கம்ப்ரசர் குழாயை எடுத்தான்.

"காத்து வேண்டாம் கண்ணு. பிஸ்டன் குண்டாட்டம் தெறிச்சு விரலை நசுக்கிப்போடும்" என்றார் மெக்கானிக் அண்ணன்.

பிரேக் ஆயில் வரும் ஹோஸைக் கழற்றாமலே காலிப்பரை மட்டும் இறக்கி, பிரேக் லீவரை விட்டுவிட்டு அழுத்தச் சொன்னார். ஆயில் அழுத்தத்தில் பிஸ்டன் நூலளவு நூலளவாக நகர்ந்து, கடைசியில் 'பொளக்' என்று தட்டில் விழுந்தது. ரப்பர் சீலுக்கு வெளியே நின்ற பகுதி முழுக்கப் பொரிப்பொரியாகத் துரு.

வெளியே இப்படியென்றால், உள்ளே இருக்கும் பிரேக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பொதுவாக 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். என்ஜின் ஆயிலுக்குக் காட்டும் அக்கறையில் பாதிகூட நம்மாளுங்க இதற்குக் காட்டுவதில்லை.

அப்புறம், பிஸ்டனைத் திரும்ப மாட்டும்போது சீலில் சாதாரண கிரீஸ் தடவிவிடாதீங்க. ரப்பர் ஊதிவிடும். புது பிரேக் ஆயிலே போதும்.