குளக்கட்டுக் குறிப்புகள்: புரட்டாதி, ஐப்பசி

செப்ரெம்பர் 28, 2025, ஞாயிறு
கிளிநொச்சிக் குளம் நன்றாக வற்றிவிட்டது. சேறு தெரிகிற ஓரமெல்லாம் நத்தைகுத்தி நாரைகள். அலகை மூடினாலும் நடுவில் சந்து தெரியும்; நத்தை எடுக்க அதுவே வசதி. மின்கம்பியில் தகைவிலான்களைப் பதினேழுவரை எண்ணினேன், எழும்பிவிட்டன. துருசடியில், மதகுப் பக்கம், ஒரு கபரக்கொய்யா, பெரிய நீர் உடும்பு, வெயில் காய்ந்தது.

ஒக்டோபர் 5, ஞாயிறு
நீலவால் பஞ்சுருட்டான்கள் வந்துவிட்டன! ஒன்று தும்பியைப் பிடித்து வந்து கம்பியில் அடி அடியென்று அடித்துத்தான் விழுங்கியது. போன வருடம் பழுப்புக் கீச்சான் நின்ற அதே வேலிக் கதியாலில் இன்றைக்கும் ஒன்று. அதே பறவைதான் என்று மனம் சொல்கிறது.

ஒக்டோபர் 12, ஞாயிறு
இடியும் மழையும். போகவில்லை.

ஒக்டோபர் 19, ஞாயிறு
விடியவே பக்கத்து வீட்டுப் பொடியன் ஓடி வந்தான். "அன்ரி, எங்கட விறாந்தையில ஒரு குருவி விழுந்து கிடக்கு. சாகப் போகுது போல."

ஆறுமணிக்குருவி! காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் விசிலடிப்பதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இந்த மாதத்தில்தான் இங்கே வந்து சேரும். களைத்து வருவது கண்ணாடி ஜன்னலில் மோதிவிட்டது. பச்சை முதுகு, கண்ணோடு ஓடும் கறுப்புக் கோடு, வாலுக்குக் கீழே குங்குமச் சிவப்பு. கையில் பிடித்தபோது நெஞ்சு படபடவென்று அடித்தது. எனக்கும்தான்.

பொடியன் வாயில் தண்ணீர் ஊற்றப் போனான். வேண்டாமென்று தடுத்தேன், மயங்கிக் கிடக்கும் பறவைக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சப்பாத்துப் பெட்டியில் ஓட்டை போட்டு, துணி விரித்து, இருட்டு அறையில் வைத்தோம். அவன் மத்தியானம் சாப்பிடவும் போகவில்லை. பின்னேரம் பெட்டிக்குள் தத்துகிற சத்தம் கேட்டது. கிணற்றடிக்குப் பின்னால் திறந்துவிட்டோம். பறக்கவில்லை, சருகுக்குள் நாலு தத்து. அப்புறம் நாயுண்ணிப் பற்றைக்குள் போய்விட்டது.

ஒக்டோபர் 20, தீபாவளி
வெடிச் சத்தத்தில் குளத்து நீர்க்காகங்கள் எல்லாம் கலைந்து பறந்தன. பற்றைப் பக்கம் மட்டும் வெடி கொளுத்தப் பொடியன் யாரையும் விடவில்லை.

ஒக்டோபர் 26, ஞாயிறு
மூன்று நாளாக ஆறு மணிக்கு முன்னமே எழும்பி எங்கள் படலையைத் தட்டுகிறான். இன்று குளத்துக்குப் போகாமல் கிணற்றுக்கட்டில் அவனோடு இருந்தேன். ஐந்து ஐம்பதுக்குப் பற்றைக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில். சற்றுப் பொறுத்து இன்னொன்று, மாமரத்துப் பக்கமிருந்து.

"ரெண்டு நிக்குது அன்ரி" என்றான்.