இருபதாம் கேள்வி

பி.டி.எஸ்.டியை, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயை, அளக்கும் பி.சி.எல்-5 வினாத்தாளின் கடைசிக் கேள்வி தூக்கத்தைப் பற்றியது. தூக்கம் வராமலோ, வந்தது கலைந்தோ கடந்த ஒரு மாதத்தில் எவ்வளவு அவதிப்பட்டீர்கள்? 0 முதல் 4 வரை ஓர் எண் சொல்ல வேண்டும். இராக்கில் சாலையோரக் குண்டுவெடிப்பில் முதுகில் அடிபட்ட முன்னாள் படைவீரர் ஒருவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். “ராத்திரி என்னை எழுப்புவது முதுகா, கனவா? எதற்கு நம்பர் சொல்ல?” நேர்காணல் எடுத்தவர் கேள்வியை அப்படியே மறுபடி வாசித்தார். படைவீரர் 4 என்றார்.

விதிப்படி அப்படி மறுபடி வாசிப்பதுதான் சரி. விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வோம். பிறகு ஓர் ஆய்வு மையத்தின் எண்ணை இன்னொரு மையத்தின் எண்ணோடு வைத்துப் பார்க்க முடியாது. இதை இன்றும் சொல்வேன். ஆனாலும் அந்த 4 உறுத்துகிறது.

அவருடைய மொத்தம் 33. எண்பதுக்கு 31 முதல் 33 வரையிலான எல்லையை எட்டினால் பி.டி.எஸ்.டி இருக்கலாம் என்று கொள்வது வழக்கம். அந்த நான்கைக் கழித்தால் 29. அதே தூக்கக்கேட்டை மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 தாள் தன் மூன்றாம் கேள்வியில் இன்னொரு முறை எண்ணுகிறது. வலியை அளக்கும் பி.பி.ஐ தாளும், வலி கெடுக்கும் ஏழு விஷயங்களில் ஒன்றாகத் தூக்கத்தை வைத்திருக்கிறது. ஒரே இரவு மூன்று தாளில் ஏறிவிட்ட பிறகு, வலியும் பி.டி.எஸ்.டியும் சேர்ந்தே கூடுகின்றன என்று எழுதினால், அதில் உடம்பின் பங்கு எவ்வளவு, தாளின் பங்கு எவ்வளவு?

இருபதாவதை விட்டும் ஒரு முறை கணக்குப் பார்க்கலாம். ஆனால் 31 என்ற எல்லை இருபது கேள்விக்கு வகுத்தது, பத்தொன்பதுக்குப் பொருந்தாது. பி.டி.எஸ்.டியை விரிவாகக் கேட்டறியும் கேப்ஸ்-5 நேர்காணலில் ஒரு வழி இருக்கிறது. தூக்கக்கேடு அந்தச் சம்பவத்தோடு உறுதியாகத் தொடர்புள்ளதா, தொடர்பு இருக்கலாமா, இருக்க வாய்ப்பில்லையா என்று தனியே குறிக்கலாம். ஆனால் அதற்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். முதுகு வலிக்காரரை அத்தனை நேரம் நாற்காலியில் உட்கார வைத்தாலே வலி ஏறும். அதனால் வலியைப் பற்றி மூன்றே கேள்வியுள்ள பெக் தாளை முதலில் முடித்துவிட வேண்டும். அது கேட்பது போன வாரத்து வலியைத்தான். ஆனால் இந்த நிமிடத்து வலி போன வாரத்தையும் பெரிதாகக் காட்டும். நடுவில் எழுந்து நிற்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.

கேப்ஸில்கூட அந்தப் படைவீரருக்கு எதைக் குறிப்பது? முதுகு பிடித்துக்கொள்ளும்போதெல்லாம் குண்டுவெடிப்பு நாளின் அந்த வண்டி நினைவுக்கு வருகிறது என்றார். வலி நினைவைக் கிளப்புகிறது, நினைவு தசையை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது. ஷார்ப், ஹார்வி என்ற ஆய்வாளர்கள் 2001இல் நாள்பட்ட வலியும் பி.டி.எஸ்.டியும் ஒன்றையொன்று நீடிக்க வைக்கின்றன என்று எழுதினார்கள். அப்படியானால் முதுகா கனவா என்று பிரிப்பதே பிசகு. பிரிக்காமல் வாங்கிய 4 தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அல்லது இதுவும் நான் தேடிக்கொள்ளும் சமாதானமாக இருக்கலாம்.

மதிப்பெண்ணும் நோய்ப்பெயரும் தாளோடு நிற்பதில்லை, மருந்துச் சீட்டு வரை போகின்றன. இராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பி, வலிக்காகப் பதிவான 1,41,029 பேரைப் பற்றிய ஆய்வு 2012இல் வந்தது. தொடர்ந்து 20 நாளாவது ஓபியாய்டு, அதாவது அபினி வகை வலிமருந்து, எழுதித் தரப்பட்டவர்கள், மனநலக் குறை எதுவும் பதிவாகாதோரில் 6.5 சதவீதம், பி.டி.எஸ்.டி உள்ளவர்களில் 17.8. நாள்பட்ட முதுகு, இடுப்பு, முழங்கால் வலிக்கு 12 மாதத்தில் ஓபியாய்டு மற்ற மருந்துகளைவிட அதிகப் பலன் தரவில்லை என்பதை ஸ்பேஸ் என்ற மருந்து ஆய்வு 2018இல்தான் காட்டியது.

இப்போது எல்லா எண்ணையும் பதிந்த பிறகு, “ராத்திரி எது எழுப்புகிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்று ஒரு கேள்வி சேர்த்திருக்கிறோம். பலர் இரண்டும் என்கிறார்கள். அந்தப் பதிலைக் கணக்கில் எங்கே சேர்ப்பது என்பதில் குழுவுக்குள் இன்னும் உடன்பாடு வரவில்லை.