வட்டத்துக்குள் ஒரு குறிஞ்சி

"படம்னா அப்படித்தான் இருக்கும், ஆயா." இதைச் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. நான் சொன்ன தொனிதான் இன்னும் உறுத்துகிறது.

ஏற்காட்டுக்கு வருகிறவர்களுக்குப் படங்களை விளக்கிச் சொல்வது என் வேலை. சுவர் முழுக்க ஒரு நீலக்குறிஞ்சி. விதை, நாற்று, புதர், பூ, காய், மறுபடி விதை என்று வட்டமாக அம்புக்குறிகள். எல்லா இடத்திலும் அதே பாறை, அதே வளைந்த தண்டு. சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்திடம், "இந்தச் செடி 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும்" என்றேன்.

கூட்டிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்தார். "ஒரு செடி ஒரு தடவைதான் பூக்கும், கண்ணு. பூத்துக் காய்ச்சா செத்துரும். அடுத்தாப்ல பூக்கறது அதோட புள்ளைங்க."

அப்போதுதான் அந்தப் பதிலைச் சொன்னேன். குடும்பம் சிரித்தது. "படமுன்னா சரி" என்று ஆயா குப்பையை முறத்தில் அள்ளினார்.

அவர் சொன்னதுதான் சரி. 2006-ல் மூணாறில் பூத்த செடிகள் விதை போட்டுவிட்டுப் பட்டுப்போனவை. 2018-ல் பூத்தவை வேறு. எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை.

என் பக்கமும் நியாயம் உண்டு. தாவர ஓவியத்தில் பூவையும் காயையும் ஒரே தாளில் வைப்பது வழக்கம். நம் மலைக் காப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரல் மழைக்கு வரும் வெள்ளைப் பூவும் வருடக் கடைசியில் சிவக்கும் பழமும் படத்தில் ஒரே கொம்பில் இருக்கும். அதை யாரும் பொய் என்பதில்லை. ஆனால் காப்பிச்செடி அடுத்த பூவுக்கும் உயிரோடு இருக்கிறது. இங்கேதான் என் வாதம் இடறுகிறது.

அப்புறம் ஒருநாள் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆயா சொன்னபடியே சொன்னேன். ஒரு சிறுமி காய்க்கும் விதைக்கும் நடுவே விரலை வைத்து, "இங்கதான் செத்துச்சா?" என்றாள். அங்கே ஓவியர் எதுவும் வரையவில்லை, அம்புக்குறி மட்டும்தான். பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். டீச்சர், "நேரமாச்சு, வாங்க" என்று கூட்டிப்போனார்.

மறுநாளே பழைய வாக்கியத்துக்குத் திரும்பிவிட்டேன். ஆயா துடைப்பத்தோடு அந்தச் சுவர்ப் பக்கம் வந்தால் மட்டும், சட்டென்று அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறேன்.