நான் எடுக்கச் சொன்ன ஸ்லைடு

மாணவர்களை ஆய்வுக் கட்டுரைப் போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு போவதும், சில இடங்களில் நடுவராக உட்காருவதும் என் வேலையில் ஒரு பங்காகிப் பல வருடமாகிறது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். போட்டிகளில் பிள்ளைகள் பரிசு வாங்கியதும் உண்டு, வெறும் சான்றிதழோடு திரும்பியதும் உண்டு, அதெல்லாம் பெரிதாக நினைவில் இல்லை. ஒன்று மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. அங்கே நடந்த தவறு என்னுடையது, அதனால்தான்.

குளச்சல் பக்கத்துப் பெண் அவள். அப்பா விசைப்படகில் வேலை பார்ப்பவர். எம்.எஸ்சி. பிராஜெக்டுக்குத் தலைப்பு கேட்டபோது மற்றவர்கள் நெட்டில் தேடிக்கொண்டிருக்க, இவள் மட்டும், சின்னமுட்டம், குளச்சல் மீன்பிடித் துறைமுகங்களுக்கு வரும் மீனை வாரத்துக்கு ஒரு நாள் போய் எண்ணி ஒப்பிட்டுப் பார்க்கலாமா மேம் என்று கேட்டாள். மார்ச்சில் தொடங்கி டிசம்பர் வரைக்கும் போனாள். சின்னமுட்டத்துப் படகுகள் அதிகாலையில் கடலுக்குப் போய் அன்று இரவே திரும்பிவிடும், அதனால் அங்கே ராத்திரி காத்துக் கிடக்க வேண்டும், அம்மா துணைக்கு வருவார்கள். குளச்சல் படகுகள் தங்குகடல், பல நாள் கழித்துத்தான் கரைக்கு வரும். அவளிடம் நீளமான ஒரு கணக்கு நோட்டு இருந்தது, உப்புத் தண்ணீர் பட்டு ஓரமெல்லாம் சுருண்டு, நடுவில் ஒரு பக்கத்தில் மீன் செதில் ஒன்று காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. படகு எத்தனை நாள் கடலில் கிடந்தது என்பதற்கு அதில் தனியாக ஒரு கட்டம் போட்டிருந்தாள். நான் சொல்லாமலே போட்ட கட்டம் அது. ஒரு நாள் மீன்பிடிப்பையும் ஒரு வாரத் தங்கலையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பாகிவிடும், நாள் கணக்கில் வகுத்தால்தான் ஒப்பிட முடியும் என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அப்பா வந்தா முதல்ல எத்தன நாளு கிடந்தோம்னாக்கும் சொல்லுவாவ, பொறவுதான் எவ்வளவு மீனுன்னு" என்றாள்.

பிப்ரவரியில் வெளி மாவட்டத்தில் ஒரு தேசியக் கருத்தரங்கு. முதுகலை மாணவர்களுக்கு வாய்மொழிப் போட்டி, பேச 8 நிமிடம், கேள்விக்கு 2 நிமிடம். ஸ்லைடு பத்துக்கு மேல் கூடாது. அவள் பதினோரு ஸ்லைடு செய்துகொண்டு வந்தாள். அதில் மூன்றாவது ஸ்லைடில் ஒரு வருடக் காலண்டர் மாதிரி நீளமாக ஒரு பட்டை, அதில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீலம், அதற்குக் கீழே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை சிவப்பு. நீலம் சின்னமுட்டத்துக்கு, சிவப்பு குளச்சலுக்கு.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மீன்கள் முட்டையிடும் காலம் என்று வருடத்துக்கு 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கிழக்குக் கடற்கரைக்கு ஒரு தேதி, மேற்குக் கடற்கரைக்கு வேறு தேதி. தமிழ்நாட்டின் மற்றக் கடலோர மாவட்டங்களுக்கெல்லாம் ஒரே தடைக்காலம்தான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் இரண்டும் உண்டு, ஏனென்றால் கடலே இங்கே திரும்புகிறது. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கில் சேரும். முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் எல்லாம் மேற்குக் கணக்கு. ஜூன் முதல் பதினான்கு நாள் இரண்டு பக்கமும் மூடிக் கிடக்கும். நாகர்கோவிலில் மீன் வாங்குகிற எந்த வீட்டிலும் இது தெரியும், விலையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

அதனால்தான் அந்த ஸ்லைடை நான் எடுக்கச் சொன்னேன். "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மக்களே, முந்தைய ஆய்வுகளுக்கு இடம் வேணும், இத எடுத்துரு" என்றேன். ஒரு நிமிடம் தயங்கினாள். அப்புறம் சரி மேம் என்று எடுத்துவிட்டாள்.

போட்டியில் பேச்சு நன்றாகத்தான் போனது. பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலத்தில் பேசுவதற்காக விடுதி அறையில் கண்ணாடி முன்னால் நின்று எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாளோ, ஒரு வார்த்தை பிசகவில்லை. கடைசியில் வாரவாரி வரைபடம் திரையில் நின்றது. இரண்டு இடத்துக்கும் பக்கத்தில் பக்கத்தில் தூண்கள், நடுவில் இரண்டு பெரிய இடைவெளி, இரண்டும் வெவ்வேறு மாதங்களில். நடுவர்களில் ஒருவர் கடலுக்குச் சம்பந்தமில்லாத ஊர்க்காரர், பாடமும் வேறு. அவர் ஆங்கிலத்தில் கேட்டார், இந்த மாதங்களில் ஏன் தரவு இல்லை, இரண்டு இடத்துக்கும் ஒழுங்காகப் போகவில்லையா, விட்டுப்போன தரவை வைத்து எப்படி ஒப்பிட முடியும் என்று. கோபமாகக் கேட்கவில்லை, அவர் கேட்டது நியாயமான கேள்வி. திரையில் இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன், வழிகாட்டிகள் வாய் திறக்கக் கூடாது. "பேன், சார்" என்றாள், தடையைத்தான் ஆங்கிலத்தில் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் "பேன் பீரியட்" என்றாள், அதற்கு மேல் ஆங்கிலத்தில் வார்த்தை வரவில்லை, தமிழில் சொல்லலாமா என்று கேட்கத் தோன்றவும் இல்லை. மணி அடித்துவிட்டார்கள்.

அன்று அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஒரு வாரம்கூட விடாமல், இரவு பத்து மணிக்கு மீன் கூடைகளுக்கு நடுவில் நின்று எண்ணியவளைப் பார்த்து, ஒழுங்காகப் போகவில்லையா என்று ஒரு சபையில் கேட்கும்படி ஆகிவிட்டதே, அதுதான் தாங்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வள்ளியூர் தாண்டினதும் நான்தான் சொன்னேன், தப்பு என் பேரில்தான் என்று. "பரவால்ல மேம்" என்றாள். அதைக் கேட்டு இன்னும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அதற்கப்புறம் என் வழக்கம் மாறியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2008ல் மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள், இப்போது பல நாடுகளில் நடக்கிறது. அசையாத ஒரே ஒரு ஸ்லைடு, மூன்று நிமிடம், அந்தத் துறை தெரியாதவருக்கும் புரிய வேண்டும், அவ்வளவுதான் விதி. போட்டிக்குப் போகிற எல்லாப் பிள்ளைகளையும் முதலில் அப்படிப் பேச வைக்கிறேன், அதுவும் தமிழில். கேட்பதற்கு எங்கள் ஆய்வகத்து அண்ணனை உட்கார வைப்பேன். அவருக்கு மலையோரம், குலசேகரம் பக்கம், ரப்பர் பால் வெட்டுகிற குடும்பம். எங்கே அவர் நெற்றியைச் சுருக்குகிறாரோ அங்கே ஒரு ஸ்லைடு வேண்டும் என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு ரொம்பப் பழகிப்போன விஷயம்தான் எப்போதும் விட்டுப்போகிறது, தேரூர் குளத்தில் பறவை எண்ணியவன் குளத்தில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும் என்பதை எழுதவே இல்லை.

நடுவராகப் போனாலும் முதல் கேள்வியைத் தமிழில்தான் கேட்கிறேன், அந்த இடத்துக்கு எப்படிப் போனாய், என்ன பார்த்தாய் என்று. ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கட்டும், பதிலைத் தமிழில் சொல்ல விடலாம் என்று ஒவ்வொரு அமைப்பாளரிடமும் சொல்கிறேன். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். கேள்விக்கு இரண்டே நிமிடம் என்பதை ஐந்தாக்குங்கள் என்றும் கேட்டுப் பார்க்கிறேன். அதற்கு நேரமில்லை என்பார்கள், தொடக்க விழாவில் பொன்னாடை போர்த்துவதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. ஒரு பிள்ளை தன் வேலையை எவ்வளவு அறிந்திருக்கிறது என்பது கேள்வி நேரத்தில்தான் தெரியும்.

அடுத்த மாதமே நாகர்கோவிலில் இன்னொரு கருத்தரங்கு வந்தது. அவளுக்குப் போக விருப்பமில்லை. போஸ்டர் மட்டும் வை, பேச வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். போஸ்டரின் தலைமாட்டிலேயே அந்த நீலப் பட்டையும் சிவப்புப் பட்டையும் போட்டிருந்தாள், முன்பு போட்டதைவிட இரண்டு மடங்கு பெரிதாக. நான் போன நேரத்தில் தர்மபுரிப் பக்கத்து மாணவன் ஒருவன் அதன் முன்னால் நின்று, இரண்டு நிறமும் சேர்கிற இடத்தில் விரலை வைத்து, "அப்போ இந்த ரெண்டு வாரமும் உங்க ஊர்ல மீனே கிடைக்காதா அக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கிடைக்கும், நாட்டுப் படகு வள்ளத்துக்குத் தடை இல்லை, கரையில் நின்று இழுக்கிற கரைமடி வலையும் உண்டு, நெத்தோலி வரும், சாளை வரும் என்று ஆரம்பித்தாள். அப்புறம் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து ஜூன் மாதப் பக்கத்தைத் திருப்பினாள். சாப்பாட்டு மணி அடித்தும் இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.